சட்டமும் கொள்கையும்: பஞ்சாயத்து உறுப்பினர் அறிய வேண்டுவன

பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டோர் முன் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு: "இது சட்டமா, அரசாங்கத்தின் கொள்கையா?" இரண்டும் அரசாங்கத்திடமிருந்தே வருவதால் இரண்டும் ஒன்றே எனக் கருதுவாரும் உளர். இவற்றின் வேறுபாட்டை அறியாதவர், உரிமையாகப் பெறவேண்டியதைக் கெஞ்சிப் பெறுவர். வேண்டுகோளாக வைக்கவேண்டியதை உரிமையென வாதிட்டுக் காலத்தை இழப்பர்.

இரண்டின் இயல்பு

இரு விவசாயிகளுக்கிடையே எழும் பாகப்பிரிவினைத் தகராறு தனியார் சட்டத்தைச் சார்ந்தது. அரசாங்கத்துக்கும் குடிமக்களுக்கும் உள்ள தொடர்பை வரையறுப்பது பொதுச் சட்டம். அரசியலமைப்பு, தேர்தல் சட்டம், வரிச் சட்டம், பஞ்சாயத்துச் சட்டம் ஆகியன இவ்வகையின. இதனை மீறுவது அரசாங்கமேயாயினும் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

கொள்கையாவது, இன்ன காரியத்தை இன்ன வழியில், இன்ன முறைவரிசையில் செய்வோம் என அரசாங்கம் வகுத்துக்கொள்ளும் திட்டம். எந்தச் சாலையை முதலில் போடுவது, விதைக்கு எவ்வளவு மானியம் அளிப்பது என்பன கொள்கையின்பாற்படும். நிதி நிலைமைக்கேற்ப அவை மாறலாம்.

இவ்வாண்டு நெல் இடுவதா, கரும்பு இடுவதா என்பது உழவரின் முடிவு. கொள்கை அதனைப் போன்றது. எப்பயிர் இட்டாலும் வரப்பைக் கடந்து அடுத்தவர் நிலத்தில் ஏரோட்டலாகாது. சட்டம் அவ்வரப்பைப் போன்றது.

வேலைவாய்ப்பு ஓர் எடுத்துக்காட்டு. 1989இல் தொடங்கிய ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டம் கொள்கையளவில் நின்றது; நிதி உள்ளவரை வேலை கிடைத்தது. 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்டபோதோ, கேட்ட 15 நாட்களுக்குள் வேலை அளிக்காவிடில் உதவித்தொகை தரவேண்டும் என்ற கடமை அரசாங்கத்தின்மீது விழுந்தது. கொள்கை சட்டமாகும்போது சலுகை உரிமையாகின்றது.

கொள்கை சட்டமான வரலாறு

நம் பஞ்சாயத்துக்களும் இவ்வழியே வந்தவை. 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 40ஆவது பிரிவு, கிராமப் பஞ்சாயத்துக்களை அரசு அமைக்கவேண்டும் என்று கூறிற்று. ஆயின் அது நெறிமுறைக் கோட்பாடு. அதனை நிறைவேற்றுமாறு கோரி நீதிமன்றம் செல்ல இயலாது. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் இந்நிலையை மாற்றியது. ஐந்தாண்டுக் காலம், அது முடியுமுன் அடுத்த தேர்தல், மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் ஆகியன சட்டத்தின் கட்டளைகளாயின.

புதுச்சேரிக்கு உள்ளாட்சி புதிதன்று. 1880லேயே பிரெஞ்சு ஆட்சியில் கொம்யூன்களுக்கு நகராட்சி மன்றங்கள் ஏற்பட்டன. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடி இந்தியாவுடன் இணைவது பற்றி வாக்களித்த 178 பிரதிநிதிகளுள் அம்மன்றங்களின் உறுப்பினரும் இருந்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நாட்டின் எல்லையையே முடிவு செய்யும் பொறுப்பு ஊர்மன்ற உறுப்பினர்க்கு வாய்த்தமை நினைவிற்கொள்ளத் தக்கது.

1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006லேதான் அடுத்த தேர்தல் நடைபெற்றது. 10 கொம்யூன் பஞ்சாயத்துக்களுக்கும் 98 கிராமப் பஞ்சாயத்துக்களுக்கும் அப்போது உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களது காலம் 2011இல் முடிந்தபோது உரிய காலத்தில் மறு தேர்தல் நடைபெறவில்லை. அலுவலர்களே நிர்வாகத்தைக் கவனித்தனர்.

அலுவலர் தெருவிளக்கையும் குடிநீரையும் கவனிக்க இயலும். ஆனால் எத்தெருவுக்கு முதலில் குழாய் என்பதை ஊரார் முன் நின்று விடை சொல்லித் தீர்மானிக்கும் உறுப்பினர்க்கு அவர் ஈடாகார். தேர்தலை எவ்வாறு நடத்துவது என்பதில் கொள்கைக்கு இடமுண்டு. நடத்துவதா, வேண்டாவா என்பதில் இடமில்லை. நகராட்சித் தேர்தலைக் காலத்தே நடத்துவது அரசியலமைப்புக் கடமை என 2006இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பஞ்சாயத்துக்களுக்கும் அரசியலமைப்பு அவ்வாறே காலவரையறை செய்கின்றது.

நாம் செய்யத்தக்கது

ஓர் ஆணையோ திட்டமோ வந்தவுடன், அது எந்தச் சட்டத்தின் எப்பிரிவில் பிறந்தது என்று முதலில் கேட்போமாக. பிரிவு உண்டெனில், முறையாக விண்ணப்பித்து எழுத்துமூலம் விடை பெறுவோம். மறுக்கப்படின் மேல்முறையீடும், முடிவில் உயர்நீதிமன்றமும் உள. விவரம் வேண்டின் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் விடையளித்தல் வேண்டும்.

பிரிவு இல்லையெனில் அது கொள்கை. அதனை மாற்றும் வழி கிராம சபைத் தீர்மானம், சட்டமன்ற உறுப்பினரிடம் வேண்டுகோள், வாக்குச் சீட்டு ஆகியன. எனினும் கொள்கையும் சட்டத்துக்கு அடங்கியதே. ஒரே நிலையிலுள்ள இரு விவசாயிகளுள் ஒருவர்க்கு மானியம் அளித்து மற்றவர்க்குக் காரணமின்றி மறுப்பின், சமத்துவம் கூறும் 14ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்.

சட்டத்தை அறிந்து கேட்பதும், கொள்கையை ஆராய்ந்து திருத்துவதும் ஊராட்சியின் இரு கைகள். இரண்டையும் வேண்டிய இடத்தில் வேண்டியவாறு பயன்படுத்தும் ஊரே முன்னேறும் ஊர்.