வீடு வாங்கும் முன் ஒரு கள ஆய்வு

ஆசிரியர்களாகிய நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வீடோ மனையோ வாங்குகிறோம். 30 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 27,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறத்தாழ 65 லட்சம் ஆகியிருக்கும். ஆனாலும் கைப்பேசி வாங்க ஒரு வாரம் விசாரிக்கும் நாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தரகரின் வண்டியில் போய் மனையைப் பார்த்துவிட்டு அன்றே முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பாடம் நடத்துபவன். வரைபடம் படிக்கத் தெரிந்தவன் என்பதால் உடன் பணிபுரிவோர் சிலர் தாங்கள் வாங்க நினைக்கும் இடத்தின் தாள்களை என்னிடம் காட்டுவதுண்டு. ஆவணங்களைப் பார்த்து வழக்கறிஞர் தரும் கருத்துரைக்கு மாற்று எதுவும் இல்லை. ஆனால், அவரிடம் போவதற்கு முன்பே நாமே செய்துகொள்ளக்கூடிய ஆய்வு நிறைய இருக்கிறது.

தாளில் உள்ள நிலம்

முதலில் பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் இதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை எனப் பதிவான ஒவ்வொன்றும் வரிசையாக வரும். அந்த வரிசையை மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலிபோல் கோத்துப் பாருங்கள். ஒரு கண்ணி விடுபட்டாலும் காரணம் கேளுங்கள்.

வில்லங்கச் சான்றில் தெரியாதவையும் உண்டு. பதிவு செய்யப்படாத உயில், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு, கையெழுத்திடாத வாரிசின் உரிமை போன்றவை அதில் வராமல் போகலாம். குறிப்பாக, பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த சட்டத் திருத்தமும், நாடு முழுமைக்கும் 2005-இல் வந்த திருத்தமும் மகள்களுக்கு அந்த உரிமையைத் தந்தன. எனவே, அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கண்டால், அக்காள் தங்கை உண்டா என்று விசாரியுங்கள். விற்பவர் பொது அதிகாரப் பத்திரம் பெற்ற முகவர் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதிகாரத்தை ரத்து செய்திருக்கிறாரா என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது வருவாய்த்துறை ஆவணங்கள். பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் ஆகிய மூன்றையும் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் பார்க்கலாம். பட்டாவில் பெயரும் பரப்பும் இருக்கும். 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பது தெரியும். புல வரைபடத்தில் எல்லைகளின் நீளம் மீட்டரில் இருக்கும்.

எங்கள் பள்ளி இடைநிலை ஆசிரியை ஒருவர் நான்கு சென்ட் மனை வாங்க இருந்தார். பதினேழு ஆண்டுகள் வாடகை வீட்டிலேயே இருந்தவர். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டும் சரியாகவே இருந்தன. மனைக்குப் போகும் 20 அடிச் சாலை விற்பவர் தந்த வரைபடத்தில் அழகாக இருந்தது. புல வரைபடத்தை எடுத்து இருவரும் பக்கத்துப் புல எண்களோடு ஒட்டிப் பார்த்தோம். அந்தச் 'சாலை' இருந்த இடம் வாய்க்கால் புறம்போக்கு. மனை அவருடையதாகிவிடும்; மனைக்குப் போகும் வழி ஒருநாளும் அவருடையதாகாது. மழைக்காலத்தில் தண்ணீர் தன் வழியைக் கேட்டு வரும். நகையை அடகு வைத்துத் திரட்டிய முன்பணத்தோடு அன்று அவர் வீடு திரும்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு இடத்தில் வாங்கினார்.

மனைப்பிரிவு என்றால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலோ, சென்னைப் பெருநகர்ப் பகுதியாயின் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதலோ இருக்க வேண்டும். ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கி, விளம்பரத் தாளோடு அல்லாமல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தோடு மனை எண்ணை ஒப்பிடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால், சிறிய திட்டங்கள் நீங்கலாக மற்றவை 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அச்சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். கார்பெட் ஏரியா எனப்படும் உள்பரப்பு எவ்வளவு என்று கேட்டு, அதைக்கொண்டு விலையை வகுத்துப் பாருங்கள். பொதுவிடங்களையும் சேர்த்துச் சொல்லப்படும் சதுர அடிக் கணக்கில் இரு வீடுகளை ஒப்பிட முடியாது.

நிலம் சொல்லும் வரலாறு

தாள்கள் சொல்லாததை ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் சொல்லும். சென்னை தியாகராய நகர் 1920-களில் நீண்ட ஏரி ஒன்றின் நிலத்தில் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' உண்டு, ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஏரி, தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி, ஓடை என்று முடியும் பெயர்களைக் கண்டால் ஒரு கணம் நின்று, இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள்.

பழைய வீடுகளின் சுற்றுச்சுவரில் நீர் நின்ற கறை தெரிகிறதா? தெருவைவிட வீட்டின் தரைமட்டம் தாழ்ந்திருக்கிறதா? ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு புட்டியில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர அளவு.

நான்கு வேளைப் பார்வை

ஒரே இடத்தை நான்கு வேளைகளில் பார்க்கச் சொல்வேன். பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரம் ஒன்று; அங்கிருந்து நம் பள்ளிக்குப் பேருந்து உண்டா என்பது அப்போது தெரியும். இரவு ஒன்பது மணி ஒன்று. தெருவிளக்கும் பாதுகாப்பும் தெரியும். கனமழைக்கு மறுநாள் ஒன்று. மே மாத நண்பகல் ஒன்று. தண்ணீர் லாரி எத்தனை வருகிறது என்று எண்ணிவிடலாம். தரகரை விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். தேநீர்க் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், பால் போடுபவர் ஆகிய மூவரிடமும் பேசினால் அந்தத் தெருவின் பத்தாண்டு வரலாறு கிடைக்கும். அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போய் அங்குள்ள ஆசிரியரிடம் கேளுங்கள். மழைவிடுமுறை நாள்களில் எந்தத் தெருப் பிள்ளைகள் வர முடியாமல் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

விலையோடு செலவையும் கணக்கிடுங்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய் ஆகிறது. அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி, அசையாச் சொத்து வாங்குவது குறித்து உரிய அலுவலருக்கு முன்னதாகவே விண்ணப்பிப்பதையும் மறக்க வேண்டாம்.

வகுப்பறைக்கும் பயன்படும்

இந்த ஆய்வின் ஒவ்வொரு படியும் ஒரு பாடம். 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 கிரவுண்டு 2,400 சதுர அடி என்று பரப்பளவுக் கணக்கைத் தொடங்கலாம். பள்ளி அமைந்துள்ள புல எண்ணின் வரைபடத்தை அச்செடுத்து, எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு எல்லைகளை நாடாவால் அளந்து சரிபார்க்கச் செய்தேன். ஊரில் மறைந்துபோன குளங்களின் பெயர்களைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். பதினொரு பெயர்கள் வந்தன. அவற்றுள் நான்கை மட்டுமே எங்களால் நிலத்தில் காட்ட முடிந்தது.

நம் மாணவர்களில் பலரின் பெற்றோர் பத்திரத்தைப் படித்துக்காட்ட யாருமின்றிக் கையெழுத்திடுபவர்கள். பட்டாவையும் புல வரைபடத்தையும் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பம் ஒரு தாளை நீட்டும் முன் கேள்வி கேட்கும்.