கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிப் பட்டயத் தகுதிகள் (ஐக்கிய அமெரிக்கா)

கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிப் பட்டயத் தகுதிகள் என்பன, ஐக்கிய அமெரிக்காவில் மாணவரைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் கத்தோலிக்கப் பள்ளிகளில் பட்டயம் பெற ஒருவர் நிறைவு செய்யவேண்டிய பாடங்களும் கடமைகளும் ஆகும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகளில் இவை முடிக்கப்படுகின்றன. இவை தனியார் பள்ளிகள் ஆதலால் விதிகள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்.

பாடங்கள்

கலிபோர்னியாவில் இத்தகைய பள்ளிகள் பல, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் "ஏ-ஜி" பட்டியலைத் தழுவிப் பாடங்களை வகுக்கின்றன. அப்பட்டியலில் மொத்தம் 15 ஓராண்டுப் பாடங்கள் உள்ளன:

* வரலாறு, சமூக அறிவியல் - 2
* ஆங்கிலம் - 4
* கணிதம் - 3
* அறிவியல் - 2
* ஆங்கிலம் அல்லாத மொழி - 2
* கலைகள் - 1
* விருப்பப் பாடம் - 1

இவற்றில் "சி" அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெறுதல் வேண்டும். பல பள்ளிகளில் பட்டயத்துக்கு "டி" தரமே போதுமானது. எனவே, பட்டயம் பெற்ற ஒருவர் அப்பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதியை இழக்கவும் கூடும்.

இறையியல்

அரசுப் பள்ளிகளில் இல்லாத இறையியல் பாடம் இங்கு பொதுவாக நான்கு ஆண்டுகளும் கட்டாயமாகும். பிற சமய மாணவரும் இதனைக் கற்கின்றனர். கத்தோலிக்க ஆயர் பேரவை 2008 இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் ஆறு முதன்மைப் பாடங்களை வரையறுத்தது. விவிலியம், திருச்சபை, அருட்சாதனங்கள், அறநெறி ஆகியன அவற்றுள் அடங்கும்.

சேவை

முதியோர் இல்லம், உணவு வங்கி போன்ற இடங்களில் குறிப்பிட்ட மணி நேரம் ஊதியமின்றிப் பணியாற்றுவதும் பல பள்ளிகளில் தகுதியாக உள்ளது. அவ்வாறான பள்ளிகளில், பாடங்களில் தேறியவரும் இதனை முடிக்காவிடில் பட்டயம் பெற இயலாது.