அடியில் உள்ள இலக்கங்களை வெறுமையாக விடாதீர்கள்

ஊர்காவற்றுறைக்கென்று தனியாக ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருந்த காலத்தைக் கண்டவன் நான். என் பிள்ளைப் பருவத்தில் வி. ஏ. கந்தையா, அவர் மறைந்தபின் 1963 இல் வி. நவரத்தினம், பிறகு 1970 இலும் 1977 இலும் பண்டிதர் கா. பொ. இரத்தினம். நெடுந்தீவில் இறங்குதுறை பழுதென்றாலும் புங்குடுதீவில் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றாலும் ஆரிடம் போவதென்று சனத்துக்குத் தெரியும். 1989 பெப்ரவரித் தேர்தலோடு அது முடிந்தது. யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும், கிளிநொச்சியும் சேர்ந்து, ஒரே வயலாகிவிட்டது. ஊர்காவற்றுறை அதில் பதினொரு தொகுதிகளில் ஒன்று. வாக்குகளைக் கூட்டிப் பார்க்க உதவும் பெயர், அவ்வளவுதான்.

போன ஆசனத்துக்குப் பதிலாக எங்கள் கையில் மிஞ்சியது விருப்பு வாக்கு. அதை எங்கள் சனம் பாதிப்பேர் பாவிப்பதே இல்லையோ என்று எனக்குக் கவலை. ஆசிரியனாக இருந்த காலத்தில் தேர்தல் கடமைக்குப் போனவன் என்றபடியால், தேர்தல் வந்தால் அயலவர்கள் என்னிடம் விளக்கம் கேட்பார்கள். வேலணையில் எங்கள் ஒழுங்கையில் உள்ள வயதான அம்மா ஒருவர் கேட்டார்:

"மாஸ்டர், சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி போட்டால் காணுந்தானே? கீழ கிடக்கிற நம்பரெல்லாம் எனக்கு என்னத்துக்கு?"

"காணும் அம்மா, உங்கட வோட்டு செல்லும். ஆனா அந்தக் கட்சியில ஆர் உள்ளுக்குப் போறதெண்டதை மற்ற ஆக்கள்தான் முடிவெடுப்பினம்."

நடப்பது இதுதான். வாக்குச்சீட்டின் மேற்பகுதியில் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும். அடியில் வெறும் இலக்கங்கள். வேட்பாளரின் பெயர் அங்கே இராது. முதலில் கட்சி வாக்கை எண்ணி, எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று முடிவாகும். பிறகுதான், பெரும்பாலும் விடிய விடிய, விருப்பு வாக்குகளை எண்ணி அந்த ஆசனங்களில் ஆரை இருத்துவது என்று பார்ப்பார்கள். ஒருவர் மூன்று பேருக்கு மட்டுமே விருப்பு வாக்குப் போடலாம்.

2020 ஐ எடுங்கள். தமிழரசுக் கட்சிக்கு யாழ்ப்பாணத்தில் 112,967 வாக்குகள், மூன்று ஆசனங்கள். சிறீதரன் 35,884, சுமந்திரன் 27,834. மூன்றாவது ஆசனத்துக்குச் சித்தார்த்தன் 23,840, சசிகலா ரவிராஜ் 23,098. வித்தியாசம் 742. கட்சியின் தலைவர் மாவை சேனாதிராசாவே தெரிவாகவில்லை. 742 என்பது எங்கள் தீவுகளில் ஒன்றின் வாக்குச்சாவடிகளுக்குள் அடங்கிவிடக்கூடிய எண். அதே தேர்தலில் சுதந்திரக் கட்சிக்கு 49,373 வாக்குகள்தான், ஒரே ஆசனம்தான். ஆனால் அங்கஜன் இராமநாதனுக்கு விழுந்த விருப்பு வாக்கு 36,365, மாவட்டத்திலேயே அதிகம். அந்தக் கட்சிக்குப் போட்டவர்களில் நாலில் மூன்று பேரளவில் அவருடைய இலக்கத்தைத் தேடிப் புள்ளடி போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேடைகளில் இதை ஒருவரும் சொல்வதில்லை. மூன்று புள்ளடிக்கும் ஒரே பெறுமதி. முதலாவது பெரிது, மூன்றாவது சிறிது என்று கிடையாது. உங்கள் மனதில் ஒருவர்தான் என்றால், மிச்ச இரண்டையும் மரியாதைக்காக ஆருக்கோ போடும்போது உங்கள் ஆளின் போட்டியாளரை நீங்களே உயர்த்தி விடுகிறீர்கள். ஒருவரோடு நிறுத்துவதும் முழு உரிமை. ஒரே பட்டியலில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் வெட்டுவதும், காசுள்ளவரின் சுவரொட்டி மாவட்டம் முழுக்க ஒட்டப்படுவதும் இந்த ஏற்பாட்டின் கெட்ட பக்கம். தீவிலிருந்து நிற்கும் சாதாரண ஆளால் கிளிநொச்சிவரை ஓடித்திரிய ஏலாது.

அப்படியானால் தீவின் வாக்கு எப்போதுமே சிறியதா? 1994 ஓகஸ்டில் நேர்மாறாக நடந்தது. குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் மாவட்டத்தில் வாக்களிப்பு பெரும்பாலும் தீவுப்பகுதிக்குள் அடங்கியது. பதிவான வாக்காளர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. சுயேச்சைக் குழுவாக நின்ற ஈ.பி.டி.பி. 10,744 வாக்குகளோடு பத்து ஆசனங்களில் ஒன்பதை எடுத்தது. அதன் தலைவர் டக்ளஸ் தேவானந்தாவுக்குக் கிடைத்த விருப்பு வாக்கு 2,091. அதைத் தீவுகளின் வெற்றி என்று என்னால் சொல்ல முடியாது. லட்சக்கணக்கான சனம் வாக்களிக்க முடியாமல் இருந்தபோது, அவர்களுக்கும் சேர்த்து எங்கள் சில ஆயிரம் சீட்டுகள் ஆட்களை அனுப்பின. எஞ்சிய சிலர் போடும் புள்ளடிக்கு எவ்வளவு பாரம் ஏறும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

ஜனாதிபதித் தேர்தலிலும் விருப்பு வாக்கு என்றுதான் சொல்கிறோம், ஆனால் அதன் கணக்கு வேறு. அங்கே 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். உங்கள் முதலாமவர் போட்டியிலிருந்து விழுந்தால் மட்டுமே இரண்டாம் இலக்கத்தைப் பார்ப்பார்கள். ஆகவே அது முதலாமவரை ஒருபோதும் பாதிக்காது. 2024 செப்டம்பரில் முதல் தடவையாக அப்படி எண்ண நேர்ந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம், ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. மற்றவர்களுக்குப் போன 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 மட்டும் சேர்ந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட சீட்டுகள் இந்த இருவரில் ஒருவரையும் சுட்டவில்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு யாழ்ப்பாணத்தில் மட்டும் 116,688 வாக்குகள். கோபத்தை முதலாம் இலக்கத்தில் காட்டிவிட்டு, ஆர் ஆண்டால் ஓரளவு மூச்சு விடலாம் என்பதை இரண்டாம் இலக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

சிட்னியில் இருக்கும் என் தங்கைக்கு இப்படி வரிசைப்படுத்துவது பழக்கமான விசயம். நியூ சவுத் வேல்ஸ் மாநில மேற்சபைக்கு ஒரே தடவையில் 21 பேரைத் தெரிவு செய்கிறார்கள். நாலரை வீதத்துக்குச் சற்று மேலே எடுத்தால் ஓர் ஆசனம் நிச்சயம். ஆனால் அங்கும் பலர் 1 ஐ மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவதால், கடைசி ஆசனங்கள் அந்த அளவை எட்டாதவர்களுக்கே போகின்றன. எங்கள் நாட்டிலும் 1947 முதல் 1971 வரை செனற் சபை இருந்தது. அதன் முப்பது பேரில் பாதியைப் பிரதிநிதிகள் சபை இப்படி வரிசைப்படுத்தும் முறையில்தான் தெரிவு செய்தது. 101 பேர் கொண்ட சபையில் ஒரு தடவைக்கு ஐந்து இடங்களை நிரப்ப, வழக்கமான கணக்குப்படி ஒருவருக்குப் பதினேழு பேரின் ஆதரவு வேண்டும். 1956 இல் தமிழரசுக் கட்சிக்கு இருந்தது பத்துப் பேர். தங்கள் ஆள் ஒருவரை அனுப்புவதென்றால் மிச்சம் ஏழும் மற்றவர்களின் விருப்பிலிருந்துதான் வர வேண்டும்.

எங்களுடைய நிலையும் அதுதான். தீவுச் சனம் மட்டும் சேர்ந்து ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியாது. வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் அவருக்குப் புள்ளடி விழ வேண்டும். 2013 மாகாண சபைத் தேர்தலிலும் இதே விருப்பு வாக்குத்தான் இருந்தது. அப்போது விக்னேஸ்வரனுக்கு 132,255, அடுத்ததாக அனந்தி சசிதரனுக்கு 87,870 என்று விழுந்தது நினைவிருக்கும். வேட்பாளர்கள் குறிகட்டுவானில் படகேறி வரும்போது, தீவுக்காரரின் இலக்கத்தைக் குடாநாட்டில் தங்கள் ஆட்களிடம் சொல்வார்களா என்று கேளுங்கள். சொல்பவருக்கு எங்கள் மூன்றில் ஒன்றைக் கொடுக்கலாம். அந்தப் பேச்சைச் சனசமூக நிலையத்தில், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னமே தொடங்கிவிட வேண்டும்.