அஞ்சு வயசுப் பயம், ஐம்பது வயசு நெஞ்சுவலி... தெரியுமா?

மண்ணச்சநல்லூர் என்றாலே அரிசி! ஆலைகளில் அவியும் நெல்லின் வாசம், லாரி லாரியாகக் கிளம்பும் பொன்னி மூட்டைகள்... அந்த ஊரிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி, காவிரியையும் தாண்டினால் திருச்சி. அங்கே பாப்பாக்குறிச்சி என்று ஓர் இடம் இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அந்தப் பாப்பாக்குறிச்சியில்தான், தெரியுமா?

அந்தத் திட்டத்தில் அவருக்கு ஏன் அத்தனை பிடிவாதம்? கண்டியில் 1917-இல் பிறந்தவர், விவரம் தெரிவதற்குள் அப்பாவை இழந்தவர், கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்து சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். பசித்தால் அழ மட்டுமே தெரிந்த வயதில் பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டுப் பெண்மணி கொடுத்ததைச் சாப்பிட்டு உயிர் பிழைத்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். முதலமைச்சரான பிறகும் அந்தப் பசி அவரை விடவில்லை.

பசி மனசில் மட்டும் தங்கியிருந்தால் பரவாயில்லை. உடம்பிலும் தங்குகிறது என்பதுதான் இன்றைய மருத்துவ உலகின் மாபெரும் ஆச்சரியம்! சின்ன வயதில் ஒரு குழந்தை அனுபவிக்கும் பட்டினி, அடி, வீட்டுச் சண்டை, தகப்பனின் குடி, பாலியல் கொடுமை, கைவிடப்பட்ட தனிமை இவையெல்லாம் முப்பது, நாற்பது வருடம் கழித்து இதய நோயாகவும் மன அழுத்தமாகவும் தலைகாட்டக்கூடும்.

இதைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள். 1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர், உடல் எடை குறைப்பதற்கான சிகிச்சை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு விசித்திரம்: நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள்! ஏன்? ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேசினார். பலருடைய பால்யத்தில் யாரிடமும் சொல்லாத கொடுமை இருந்தது. பருத்த உடம்பு அவர்களில் சிலருக்கு ஒரு பாதுகாப்பு. மெலிந்தால் பிறர் கண்ணில் படுவோமோ என்ற பயம். அதன் பிறகு ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, 17,000 பேருக்கும் மேல் கேள்வித்தாள் கொடுத்து விசாரித்தார். 1998-இல் முதல் கட்ட முடிவு வெளியானது. பால்யக் கொடுமைகளில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிடக் குடி அடிமைத்தனம், மன அழுத்தம், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை! இதய நோய், புற்றுநோய், நுரையீரல் நோய் எல்லாமே படிப்படியாகக் கூடின. விசாரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தரக் குடும்பத்தினர். ஏழை வீட்டுச் சங்கதி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

எப்படி நடக்கிறது இது? பயந்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கார்டிசோல் என்ற சுரப்பு பாயும். பயம் போனதும் எல்லாம் அடங்கும். அதுதான் இயற்கை. ஆனால் குடித்துவிட்டு வருகிற அப்பாவின் காலடிச் சத்தத்தைத் தினமும் எதிர்பார்த்துக் கிடக்கிற பிள்ளைக்கு? வந்தவர் தெரு தாண்டிப் போன பிறகும் குரைத்துக்கொண்டே இருக்கும் நாயைப் போல, அந்த உடம்பு அடங்க மறந்துவிடுகிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்று வரை பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு, 32 வயதில்கூட ரத்தத்தில் அழற்சியின் அடையாளம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அடித்த கை என்றைக்கோ ஓய்ந்துவிட்டது. ரத்தம் இன்னும் காயம்பட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது!

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே கதை பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்று ஒன்று உண்டு. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடையை அழகாக எழுதி வைத்திருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பதிவேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பிறந்தவர்களைத் தேடிப் போனார்கள் ஆய்வாளர்கள்! 1996-இல் வெளியான கணக்கு இது: 2.5 கிலோ அல்லது அதற்கும் குறைவாகப் பிறந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு இதய நோய். மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி நன்றாகச் சாப்பிட்டாளா, கவலையில்லாமல் தூங்கினாளா என்று பெரியவர்கள் துளைத்துத் துளைத்து விசாரித்ததில் எவ்வளவு பெரிய வைத்தியம் இருந்திருக்கிறது!

இனிமேல்தான் நல்ல சேதி.

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். காவிரியில் வெள்ளம். பூம்புகாரிலிருந்து வரவேண்டிய தாய் அக்கரையில் தவிக்கிறாள். சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஐதீகம். பெற்றவள் வர முடியாதபோது வேறொருவர் தாயாக நிற்கலாம் என்பதை நம் ஊர் எத்தனை நூற்றாண்டாக நம்பி வந்திருக்கிறது! அதைத்தான் இப்போது ஆய்வுக்கூடமும் சொல்கிறது, தெரியுமா?

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி எலிகளைக் கவனித்தார். சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக் கொடுக்கும், சில கண்டுகொள்ளாது. நக்கப்படாத குட்டிகள் வளர்ந்ததும் எதற்கெடுத்தாலும் மிரண்டன. மரபணுவின் மேல் படியும் ரசாயன அடையாளமே அவற்றில் மாறியிருந்தது! ஆனால் அக்கறையில்லாத தாய்க்குப் பிறந்த குட்டியைப் பிறந்த உடனேயே எடுத்து, அக்கறையுள்ள தாயிடம் விட்டார்கள். அது நிதானமான எலியாக வளர்ந்தது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? ருமேனியாவின் அனாதை இல்லங்களில் தொட்டிலே உலகமாகக் கிடந்த 136 குழந்தைகளை வைத்து, 2000-இல் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. சீட்டுக் குலுக்கியதுபோல் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைத்தது. இரண்டு வயதுக்குள் ஒரு வளர்ப்புத் தாயின் மடிக்குப் போய்ச் சேர்ந்த குழந்தைகளின் உடம்பு, பின்னாளில் பதற்றத்தை எதிர்கொண்ட விதம் சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளைப் போலவே இருந்தது. தாமதமாகப் போனவர்களுக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் வேதனையும் ஒன்றாக வந்தன.

சோற்றுக்கும் அந்தச் சக்தி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள், அது கிடைக்காத பெண்களின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தோடு இருந்ததாக, இந்தியா முழுவதற்குமான ஓர் ஆய்வு 2021-இல் சொன்னது. அம்மா தட்டில் விழுந்த சோறு பிள்ளையின் எலும்பில்! 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முழு லாபத்தை நாம் இன்னும் பார்க்கவில்லை. இன்றைய மாணவிகளின் பிள்ளைகளிடம்தான் பார்க்கப்போகிறோம்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கஷ்டப்பட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் நோயாளியாவார்கள் என்று அர்த்தமில்லை. தனியொருவரின் தலையெழுத்தைச் சொல்ல இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்று ராபர்ட் ஆண்டாவே 2020-இல் எச்சரித்தார். அதே நேரம், “நானும்தான் அடிபட்டேன், உருப்படலையா?” என்று கேட்பவர்களுக்கு இன்னொரு தகவல். அமெரிக்காவின் ஜார்ஜியா கிராமங்களில், வறுமையிலும் நன்றாகப் படித்து, ஒழுக்கமாக வளர்ந்த கறுப்பினப் பிள்ளைகளைச் சோதித்தார் ஜீன் பிராடி. வெளியே அத்தனை நேர்த்தி! ஆனால் 19 வயதிலேயே உடம்புக்குள் ரத்த அழுத்தமும் அழுத்தச் சுரப்புகளும் ஏறியிருந்தன. முதல் தலைமுறைப் பட்டதாரியாகக் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, நாற்பது வரை காத்திருக்காமல் இப்போதே பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் பட்டதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் நோய் விவரம்தான்.

மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், விசாரித்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பேர் அடி உதைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். “அடியாத மாடு படியாது” என்பதைப் பிள்ளைகளுக்குப் பொருத்துவதை நாம் நிறுத்தியே ஆகவேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை தினமும் அலறுகிறதா? குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பாதிக்கப்பட்ட பிள்ளையே பேசலாம். ஆசிரியர் பேசலாம், சத்துணவு ஆயா பேசலாம், எதிர்வீட்டுப் பாட்டியும் பேசலாம்.