பேரணாம்பட்டு சுவரில் குதிக்கும் சிலந்தி: அது புது இனமா என்று யார் சொல்வது?

பேரணாம்பட்டில் சாயங்காலம் டியூப் லைட் போட்டதும் சுவரில் சின்னச் சின்னப் பூச்சிகள் வந்து உட்காரும். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு குட்டிச் சிலந்தியும் வந்துவிடும். அது வலை பின்னிக் காத்திருக்காது. நிற்கும், திரும்பிப் பார்க்கும், பதுங்கி நகரும், சட்டென்று பாய்ந்து பிடிக்கும். தமிழ் பேசும் வீட்டில் அது எட்டுக்கால் பூச்சி. பக்கத்து வீட்டு உருதுவில் மக்டி. தெலுங்கு பேசுகிறவர்களுக்கு சாலெபுருகு. மூன்று சொல்லும் எல்லாச் சிலந்திக்கும் பொதுதான். அந்தச் சுவரில் நிற்பது எந்தச் சிலந்தி என்று மூன்றுமே சொல்வதில்லை.

போனில் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் ஏற்றினால் ‘சால்டிசிடே’ என்று குடும்பப் பெயர் வரும். பல நேரம் அதற்கு மேல் போகாது. ‘ஒருவேளை யாரும் பார்க்காத புது இனமோ?’ என்று தோன்றினால் அது வீண் ஆசை இல்லை. சிலந்திக் குடும்பங்களிலேயே மிகப் பெரியது குதிக்கும் சிலந்திக் குடும்பம்தான். இதுவரை பெயர் பெற்றவை மட்டும் 6,000-க்கும் மேல். 2022 ஏப்ரலில் உலகச் சிலந்திப் பட்டியல் 50,000-ஐத் தொட்டபோது அந்த இடத்தைப் பிடித்ததும் ஒரு குதிக்கும் சிலந்திதான். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அதன் பெயர் குரியூரியஸ் மினுவானோ. முதல் 50,000-க்கு 265 ஆண்டுகள் ஆயின. அடுத்த 50,000-க்கு நூறு ஆண்டுகூட ஆகாது என்பது பட்டியலைப் பராமரிக்கும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தின் கணிப்பு.

சுவரில் இருப்பவர் பழைய ஆள்

ஆனால் வீட்டுச் சுவரில் நிற்பது புதுசாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அது பிளெக்சிப்பஸ் பேகுல்லியாகவோ மெனிமெரஸ் பைவிட்டாட்டஸாகவோ இருக்கும். மனிதர்களின் சரக்கோடு சேர்ந்து உலகம் சுற்றிய இனங்கள் இவை.

பிளெக்சிப்பஸுக்குப் பெயர் வந்த கதையே தனி. 1798-ல் எகிப்துக்குப் படையெடுத்துப் போன நெப்போலியன் விஞ்ஞானிகளையும் கூட்டிப்போனார். அவர்களில் ஒருவரான சாவிஞி, அங்கே சேகரித்த சிலந்திகளுக்கு மிக நுணுக்கமான படங்களைத் தயாரித்தார். விவரம் எழுதுவதற்குள் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. படங்களுக்கு விளக்கம் எழுதும் வேலை ஓதுவான் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரிடம் போனது. 1826-ல் அவர் வைத்த பெயர்தான் ‘பேகுல்லி’.

இந்த இனத்தில் ஆண் கறுப்பு, மேலே வெள்ளைக் கோடுகள். பெண் பழுப்பு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ரெண்டும் வேற வேற இனம் என்றுதான் யாரும் சொல்வார்கள். விஞ்ஞானிகளும் இப்படி ஏமாந்ததுண்டு. பல நாடுகளில் பல பேர் இதைப் புது இனம் என்று எண்ணிப் புதுப்புதுப் பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டியிருந்தது.

தோல் பார்க்கிற கண்

அப்படியானால் எதை வைத்துத்தான் அடையாளம் சொல்வது? தோல் தொழிலில் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். சாயம் ஏற்றிய தோல் வெள்ளாட்டுடையதா செம்மறியுடையதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேற்பரப்பில் மயிர்க்கால் இருந்த புள்ளிகள் எப்படி வரிசை கட்டியிருக்கின்றன என்று பார்ப்பார்கள்.

சிலந்தியில் அந்தப் புள்ளிகளின் இடத்தில் இருப்பது இனப்பெருக்க உறுப்பு. ஆண் சிலந்தியின் முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டை வீரரின் கையுறை போல இரண்டு உப்பிய உறுப்புகள் தெரியும். விந்தைப் பெண்ணிடம் சேர்ப்பது இவைதான். இவற்றின் முள், வளைவு, நுனி ஆகியவை இனத்துக்கு இனம் மாறும். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் உள்ள உறுப்பைப் பிரித்தெடுத்து, காஸ்டிக் பொட்டாஷ் போன்ற ரசாயனத்தில் ஊறவைத்துத் தசையைக் கரைத்தால் உள்ளே இருக்கும் குழாய்களின் போக்கு தெரியும். எல்லாம் மில்லிமீட்டரில் ஒரு பங்கு அளவு. முழு வளர்ச்சி அடையாத சிலந்தியில் இந்த உறுப்புகள் உருவாகியிருக்காது என்பதால் அதை வைத்துப் பெரும்பாலும் எதுவும் சொல்ல முடியாது.

இதற்குச் சிலந்தி உயிரோடு இருந்தால் ஆகாது. ஆல்கஹாலில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பலருக்கு இது உறுத்தும், உறுத்துவதில் தவறும் இல்லை. ஆனால் பின்னாளில் யாராவது ‘இது அதே இனமா?’ என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு உடல் வேண்டும். அந்த மூல மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் அடுத்த முடிவு எடுக்கப்படும். ஆல்கஹாலில் நிறம் வெளுத்துவிடும். அதனால் உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களும் தேவைப்படுகின்றன. இங்கேதான் கேமராவோடு அலைகிறவர்களுக்கு வேலை வருகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்தியச் சிலந்திகளின் பழைய மூல மாதிரிகள் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சில விவரிப்புகள் நாலு வரிதான். ஆணை மட்டும் பார்த்து எழுதியவை உண்டு, பெண்ணை மட்டும் பார்த்து எழுதியவையும் உண்டு. இனி அப்படி வெளியே போக வழியில்லை. 2002-ன் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, புது இனத்தின் மாதிரியை அரசு குறித்த களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று.

சச்சினும் துகாராமும்

பத்திரிகையில் செய்தியாவது கடைசிக் கட்டமான பெயர் சூட்டல் மட்டும்தான். 2019-ல் விவரிக்கப்பட்ட மரெங்கோ சச்சின்டெண்டுல்கர் கேரளம், தமிழ்நாடு, குஜராத்தில் கிடைத்தது. 2021-ல் மகாராஷ்டிரத்தின் தானே பகுதியிலிருந்து வந்த ஐசியஸ் துகாராமி, 26/11 தாக்குதலில் கசாபை உயிரோடு பிடிக்க உதவி உயிர்விட்ட காவலர் துகாராம் ஓம்ப்ளேயின் பெயரைத் தாங்கியது.

பெயர் வைத்ததோடு கதை முடிவதில்லை. சென்னையைச் சேர்ந்த ஜான் காலேப் 2014-ல் ஃபின்டெல்லா பேரினத்தில் சேர்த்து ஒரு சிலந்தியை விவரித்தார். இப்போது அதன் பெயர் ஐசியஸ் ஆல்போடெர்மினஸ். பட்டியலில் பெயருக்குப் பின்னால் ‘காலேப், 2014’ என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும். விவரித்தவர் வைத்த பேரினத்திலிருந்து இந்த இனம் வேறு பேரினத்துக்கு மாறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதே காலேப் 2020-ல் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தின் முள்புதர்க் காட்டுச் சிலந்திகளைத் தொகுத்து வெளியிட்டார். புது இனங்கள் வந்த இடங்களை வரைபடத்தில் குறித்தால், தாம்பரம், கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடா, மும்பை, தானே என்று ஆய்வாளர்கள் படித்த, வேலை பார்த்த ஊர்களாகவே பல வரும். சிலந்தி அங்கே மட்டும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பார்க்க ஆள் இருந்தது அங்கே. பேரணாம்பட்டுக்கு மேற்கே ஆந்திர எல்லை வரை போகும் வறண்ட காடு யானை வந்தால்தான் செய்தியில் வருகிறது. அதன் புல்லிலும் பாறையிலும் திரியும் மூன்று மில்லிமீட்டர் ஜீவன்களைத் தேடி யாராவது வர வேண்டும்.

பெயர் இல்லாததால் என்ன நஷ்டம்? தோல் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தபோது, இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. விளைநிலத்தின் பாதிப்பை அளக்கப் பட்டா உண்டு, சர்வே எண் உண்டு. ஆற்றங்கரைப் புதரில் முன்பு என்னென்ன பூச்சி, சிலந்தி இருந்தன என்பதற்கு அப்படி எந்த ஆவணம் இருக்கிறது? முன்பு இருந்ததாகப் பதிவே இல்லாத ஒன்று போய்விட்டது என்று எந்த மன்றத்திலும் வாதாட முடியாது.

படம் எடுப்பவர்கள் ஒரே கோணத்தோடு நிறுத்தாமல் இருந்தால் உதவியாக இருக்கும். முகத்தில் கண்கள் தெரிகிற மாதிரி ஒன்று, முதுகு ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கூடவே தேதி, இடம், சுவரா செடியா என்ற குறிப்பு. காப்புக்காட்டுக்குள் போய்ப் பிடிக்க வனத்துறை அனுமதி தேவை. வீட்டுத் தோட்டத்தில் படம் எடுக்க யார் அனுமதியும் வேண்டாம்.