புல்லைப் பார்த்த பிறகுதான் குதிரை

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம், மடியைப் பார்ப்போம். அது நம் வீட்டில் என்ன தின்னப் போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. திண்டிவனம் பக்கத்தில் மூன்று ஏக்கரும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கும் விவசாயி ஒருவருக்கு இது உறைத்தது அமெரிக்காவில்.

மகன் ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் வேலை பார்க்கிறார். அவரைப் பார்க்கப் போன பெற்றோர், மகன் குடும்பத்தோடு மே மாதம் ஸ்மோக்கி மலைக்குக் காரில் கிளம்பினார்கள். வழியில், சுமார் 300 கி.மீ. தொலைவில், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன். அங்கே கால்நடை மருத்துவராக இருக்கும் மகனின் பள்ளித் தோழர் வீட்டில் இரண்டு நாள் தங்கல்.

ஊரைச் சுற்றி நானூறுக்கும் மேற்பட்ட குதிரைப் பண்ணைகள். பந்தயக் குதிரைகளுக்கு உலகப் பெயர் பெற்ற வட்டாரம். கண்ணுக்கு எட்டிய வரை பலகை வேலியும் பச்சைப் புல்லும்தான்.

மண்ணில் தொடங்கும் எலும்பு

"இங்கேயே ஏன் இத்தனை குதிரை, தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"எல்லாம் மண்தான் அப்பா. அடியில் சுண்ணாம்புப் பாறை. மண்ணில் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் இயற்கையாகவே அதிகம். அது புல்லுக்கு வரும், புல்லிலிருந்து குட்டியின் எலும்புக்குப் போகும்" என்றார் தோழர்.

மண் நல்லது என்று சும்மா விட்டுவிடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மேய்ச்சல் நிலத்துக்கும் மண் பரிசோதனை உண்டு. ஒரு குதிரைக்குச் சுமார் இரண்டு ஏக்கர் என்று கணக்கிட்டு, பகுதி பகுதியாக மாற்றி மேய்க்கிறார்கள். சாணத்தில் புழு முட்டையை எண்ணிப் பார்த்த பிறகே குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள்.

பெரியவரை வியக்க வைத்தது இன்னொன்று. இந்தப் பந்தய இனத்துக்குச் சினை ஊசி கூடாது. நேரடி இனச்சேர்க்கையில் பிறந்த குட்டியைத்தான் பதிவு செய்வார்கள். சினைக்காலம் சுமார் 11 மாதம். ஒரு குட்டி போனால் ஓராண்டு வருமானம் போச்சு.

கம்பளிப்புழு செய்த நாசம்

2001 வசந்த காலத்தில் அப்படித்தான் நடந்தது. சில வாரங்களுக்குள் ஏராளமான சினைக் குதிரைகள் குட்டி வீசின. பூஞ்சாண நஞ்சா, செர்ரி இலையின் நஞ்சா என்று பலவிதமாகச் சந்தேகப்பட்டார்கள். கென்டக்கி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆராய்ந்ததில் அகப்பட்டது ஒரு கம்பளிப்புழு. வேலியோரக் காட்டுச் செர்ரி மரத்தில் கூடு கட்டும் இந்தப் புழு, இறங்கிப் புல்லில் ஊர்ந்தபோது குதிரைகள் புல்லோடு சேர்த்துத் தின்றுவிட்டன. புழுவின் மயிர் குடலில் குத்தி, கிருமி உள்ளே போக வழி செய்தது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அன்று முதல் பல பண்ணைகளில் வேலியோரச் செர்ரி மரங்களை வெட்டினார்கள். புழுக் காலத்தில் சினைக் குதிரையை அந்தப் பக்கம் விடுவதில்லை. பூஞ்சாணம் குடியிருக்கும் ஃபெஸ்க்யூ என்ற புல்லிலிருந்தும் கடைசி மாதங்களில் பிரித்து வைக்கிறார்கள். அதைத் தின்றால் ஈற்று தள்ளிப்போகும், பாலும் சுரக்காது.

செவலைக்கு வந்த யோசனை

அன்றிரவு பெரியவருக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் அவருடைய செவலைப் பசுவுக்கு மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. வியாபாரியிடம் விலையும் பேசியாயிற்று. ஆனால் அது ஓராண்டாகத் தின்றது வைக்கோலும் கொஞ்சம் தவிடும் மட்டுமே. வைக்கோலில் மணிச்சத்து மிகக் குறைவு.

விடிந்ததும் தம்பிக்குப் போன் போட்டார். "செவலையைக் கொடுத்துடாதே. முதல்ல டாக்டரைக் கூட்டிவந்து காட்டு."

டாக்டர் சோதித்ததில் கருப்பையில் கோளாறு இல்லை. இப்போது தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்கிறார்கள். வாய்க்கால் ஓரம் பத்து சென்டில் கம்பு நேப்பியர் புல்லும் வேலிமசாலும் வளர்கின்றன. பருவ அறிகுறி தெரிந்த 12 முதல் 18 மணி நேரத்துக்குள் மறுபடி ஊசி போட்டிருக்கிறார்கள். சினைப் பரிசோதனைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.

சினை நிற்காத மாடு எல்லாவற்றுக்கும் தீவனக் குறைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கருப்பைத் தொற்று இருக்கலாம், ஊசி போட்ட நேரம் தவறியிருக்கலாம். ஆனால் மாட்டை விற்க முடிவு செய்யும் முன், மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அதன் தீவனத் தொட்டியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.