சந்தை வண்டியில் லித்தியம் பேட்டரி
வாரச் சந்தைக்கு வேனில் சரக்கு கொண்டுபோகும் அன்பர்கள், விளக்குக்கும் மின்தராசுக்கும் இப்போது லித்தியம் பேட்டரி வைக்கிறார்கள். எடை குறைவு, உழைப்பு அதிகம், நல்லதுதான். ஆனால் பழைய பேட்டரிக்கு இழுத்த ஒயரிலேயே அதை மாட்டிவிடக் கூடாது. சார்ஜர் காசை மிச்சம் பிடிக்க நாங்கள் அப்படித்தான் மாட்டினோம். ஆல்டர்னேட்டர் கருகி, சந்தை நாளில் வண்டி பாதிவழியில் நின்றது.

ஈய பேட்டரி நிரம்ப நிரம்ப மின்சாரம் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியமோ ஏறக்குறைய நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் இழுக்கும். வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் ஆல்டர்னேட்டர் விசிறி மெதுவாகவே சுற்றும், சூடு தணியாது.

இடையில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வைத்தால் அளவோடு ஏறும். 20 ஆம்பியர் சார்ஜரில், காலியான 100 ஆம்பியர்-அவர் பேட்டரி நிரம்பச் சுமார் 5 மணி நேரம். சார்ஜர் லித்தியத்துக்கு உரியதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.